மயில் அறை: ஒரு விருந்தறையின் நிறமும் ஒளியும் பிணக்கும்

மயில் அறை என்பது இலண்டன் மாநகரில் கப்பல் முதலாளி ஒருவரின் வீட்டில் 1876, 1877ஆம் ஆண்டுகளில் உருவான விருந்தறையாகும். சுவர் முழுவதும் அடர்ந்த நீலப்பச்சை, அதன்மேல் பொன் மயில்கள், மேலே பொன் பூசிய கூரை, அக்கூரையிலிருந்து தொங்கும் விளக்குகள் என அமைந்த அறை இது. இதை வரைந்தவர் அமெரிக்காவில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த ஓவியர் ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர் (1834–1903). இன்று இது வாஷிங்டன் நகரின் ஃபிரீர் கலைக்கூடத்தில் உள்ளது. ஓர் ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றி விற்பது வழக்கம். இங்கே சுவரும் கூரையும் சன்னல் கதவுகளும் சேர்த்தே கழற்றி விற்கப்பட்டுக் கடல் கடந்தன.

வீட்டு அலங்காரத்தின் வரலாற்றில் இந்த அறை இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. ஓர் அறையின் நிறத்தை எந்த வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்வது என்பது முதற்கேள்வி. பணம் கொடுத்தவர், வேலை செய்தவர் ஆகிய இருவரில் அறையின் தோற்றம் யாருக்கு உரியது என்பது இரண்டாவது கேள்வி. இரண்டாவது கேள்வி மூன்று மனிதர்களின் வாழ்வைத் தொட்டது.

விருந்தறை இரவு அறையான வரலாறு

விருந்துக்கென்றே தனி அறை வைப்பது இங்கிலாந்தின் செல்வர் வீடுகளில் 18ஆம் நூற்றாண்டில் உறுதிப்பட்ட வழக்கம். அந்த அறைக்கெனச் சில விதிகளும் உருவாயின. பட்டும் திரைச்சீலையும் சுவரில் இருந்தால் உணவின் வாடை அவற்றில் தங்கிவிடும். ஆகவே விருந்தறைச் சுவர்களைச் சுதை வேலைப்பாட்டால் அழகுபடுத்த வேண்டும் என்று கட்டடக் கலைஞர் இராபர்ட் ஆடம் 1770களில் எழுதினார். தோல் போர்த்திய சுவர்களும் இதே காரணத்தால் விருந்தறைக்கு ஏற்றவையாகக் கருதப்பட்டன.

19ஆம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் விருந்தறையின் இயல்பையே மாற்றின. முதலாவது, உண்ணும் நேரம். பிற்பகலில் நடந்த பெருவிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து இரவு ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் வந்தது. இரண்டாவது, பரிமாறும் முறை. அதற்கு முன்பெல்லாம் பல பதார்த்தங்களை ஒரே சமயத்தில் மேசையில் பரப்பிவிடுவர். விருந்தினர் தமக்குள் எடுத்துப் பரிமாறிக்கொள்வர். இது பிரெஞ்சு முறை எனப்பட்டது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிய உருசிய முறையில், பணியாளர்கள் ஒவ்வொரு பதார்த்தமாகக் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் பரிமாறினர். மேசையின் நடுப்பகுதி காலியானது. அங்கே பூக்களும் பழங்களும் மெழுகுவர்த்தித் தண்டுகளும் இடம்பிடித்தன. விருந்தினர் நெடுநேரம் ஒரே இருக்கையில் அமர்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்வாறு விருந்தறை செயற்கை வெளிச்சத்தில் பார்க்கப்படும் அறையானது. அதில் விளக்கு வெறும் பயன்பொருளாக மட்டும் இருக்கவில்லை. வீட்டுக்காரரின் நிலையை அறிவிக்கும் பொருளாகவும் இருந்தது. பிரைட்டன் நகரில் பின்னாளின் நான்காம் ஜார்ஜ் மன்னருக்காகக் கட்டப்பட்ட அரண்மனையின் விருந்து மண்டபம் இதற்கு உச்ச எடுத்துக்காட்டு. இராபர்ட் ஜோன்ஸ் வடிவமைத்த அம்மண்டபத்தின் சரவிளக்கு சுமார் 30 அடி உயரமும் ஒரு டன் எடையும் கொண்டது. கூரையின் உச்சியில் இறக்கை விரித்த பறவைநாகம் ஒன்று அதைத் தன் நகங்களில் பற்றியிருக்கிறது. விளக்குகள் தாமரை வடிவில் விரிந்திருக்கின்றன.

அரசர் வீட்டில் இருந்ததைத் தொழில் முதலாளிகளும் தம் அளவில் விரும்பினர். ஆனால் நடுத்தர வகுப்பினரிலும் செல்வரிலும் பெரும்பாலோர் விருந்தறைக்குத் தேர்ந்த நிறங்கள் ஆழ்ந்த சிவப்பும் பழுப்பும்தான். கனமான மரமேசை, துருக்கிக் கம்பளம், சட்டமிட்ட ஓவியங்கள் ஆகியவை சேர்ந்து கம்பீரமான, ஆண்களின் அறை என்ற எண்ணத்தைத் தந்தன. இந்தச் சூழலில்தான் நீலமும் பொன்னுமான ஓர் அறை தோன்றியது.

லேலண்டும் நீலப் பீங்கானும்

ஃபிரெடரிக் ரிச்சர்ட்ஸ் லேலண்ட் லிவர்பூல் துறைமுக நகரைச் சேர்ந்தவர். ஜான் பிபி என்பவரின் கப்பல் நிறுவனத்தில் இளம் பயிற்சியாளராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1873இல் அந்நிறுவனத்தையே தம் வசமாக்கிக்கொண்டார். கலையில் ஈடுபாடு மிக்கவர். ரொசெட்டி, பர்ன்-ஜோன்ஸ் முதலிய ஓவியர்களிடம் தொடர்ந்து ஓவியங்கள் வாங்கியவர். விஸ்லரின் நெருங்கிய புரவலர். இலண்டனின் கென்சிங்டன் பகுதியில், பிரின்ஸஸ் கேட் என்னும் தெருவில், 49ஆம் எண் வீட்டை வாங்கித் தம் கலைப்பொருள்களுக்கு ஏற்றவாறு மாற்றியமைக்கத் தொடங்கினார். மாற்றத்தைப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நார்மன் ஷா.

அக்காலத்தில் இலண்டனில் சீனப் பீங்கான் மோகம் பரவியிருந்தது. வெண்மைமேல் நீலச் சித்திரம் தீட்டிய இவ்வகைப் பீங்கான்களை 1860களிலேயே ஆர்வத்துடன் சேர்த்தவர்களுள் விஸ்லரும் ரொசெட்டியும் அடங்குவர். லேலண்டும் பெருந்தொகுப்பு ஒன்றைச் சேர்த்தார். பெரும்பாலானவை சீனாவில் காங்சி பேரரசரின் காலத்தவை (1661–1722). இவற்றை விருந்தினர் கண்முன் அடுக்கிவைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் விருந்தறை என முடிவாயிற்று.

ஜெக்கில் அமைத்த அறை

விருந்தறையை அமைக்கும் பணி தாமஸ் ஜெக்கில் (1827–1881) என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இவர் நார்விச் நகரோடு தொடர்புடைய கட்டடக் கலைஞர். அந்நகரின் இரும்பு வார்ப்பகத்துக்காகச் சூரியகாந்தி வடிவ வேலைப்பாடுகளை உருவாக்கிப் பெயர் பெற்றவர். அறையின் அளவு ஏறக்குறைய 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 4 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரம்.

ஜெக்கில் சுவர்களைப் பொன் பூசிய பழந்தோலால் போர்த்தினார். அதன்முன் வால்நட் மரத்தால் ஆன மெல்லிய தூண்களும் தட்டுகளும் கொண்ட அடுக்குகளை நிறுத்தினார். ஒவ்வொரு பீங்கானுக்கும் ஒரு கட்டம் கிடைத்தது. கூரையைப் பழைய டியூடர் பாணியில் சட்டமிட்டு, அதிலிருந்து தொங்கும் எட்டுக் கூம்பு முடிச்சுகளின் நுனியில் எட்டு வாயு விளக்குகளைப் பொருத்தினார். ஒரே சரவிளக்கை நடுவில் தொங்கவிடாமல், கூரையின் அமைப்பையே விளக்குகளைத் தாங்கும் சட்டமாக அவர் மாற்றியது கவனிக்கத்தக்கது. கணப்பு அடுப்பின் மேலே விஸ்லர் 1863–65இல் வரைந்த ‘பீங்கான் நாட்டு இளவரசி’ என்னும் ஓவியம் இடம்பெற்றது. கிழக்காசிய உடையணிந்த பெண்ணொருத்தியின் உருவம் அது.

அறை முடியும் தறுவாயில் ஜெக்கில் நோய்வாய்ப்பட்டார். மனநலம் குன்றிய அவரால் பணியைத் தொடர முடியவில்லை. அப்போது அதே வீட்டின் முன்கூடத்தில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த விஸ்லர், மீதிப் பணியைத் தாம் முடித்துத் தருவதாக முன்வந்தார்.

சிறு திருத்தம் பெருமாற்றமானது

தொடக்கத்தில் பேசப்பட்டது மிகச் சிறிய மாற்றம். தோலில் இருந்த சிவப்புப் பூக்கள் தம் ஓவியத்தின் நிறங்களோடு மோதுவதாக விஸ்லர் கருதினார். அவற்றின்மேல் சற்று மஞ்சள் தீட்டவும், சுவரின் மேல்விளிம்பிலும் அடிப்பலகையிலும் அலைக்கோலம் வரையவும் லேலண்ட் இசைந்தார். அந்த அலைக்கோலமும் அறையின் கண்ணாடிக் கதவில் ஜெக்கில் அமைத்திருந்த வடிவிலிருந்து எடுக்கப்பட்டதே. இசைவு தந்த லேலண்ட் தொழில் நிமித்தம் லிவர்பூலுக்குச் சென்றார்.

அவர் இல்லாத 1876ஆம் ஆண்டின் கோடை மாதங்களில் வேலை விரிந்தது. கூரை முழுவதும், செம்பும் துத்தநாகமும் கலந்த போலித் தங்கரேக்கு ஒட்டப்பட்டது. அதன்மேல் மயிலிறகுக் கோலம் படர்ந்தது. வால்நட் அடுக்குகள் பொன்னிறமாயின. மூன்று உயர்ந்த சன்னல்களின் மடிப்புக் கதவுகளில், தரையைத் தொடும் தோகையுடன் நான்கு பெரிய மயில்கள் தோன்றின. ஹென்றி கிரீவ்ஸ், வால்டர் கிரீவ்ஸ் என்னும் சகோதரர்கள் விஸ்லருக்கு உதவியாளர்களாக இருந்து உழைத்தனர். தேம்ஸ் ஆற்றங்கரையில் படகு கட்டும் குடும்பத்தைச் சேர்ந்த இவர்களின் பங்கு அறையின் புகழில் பெரும்பாலும் சொல்லப்படாமல் போய்விட்டது.

கினியும் பவுண்டும்

வேலைக்கு 2,000 கினி தரவேண்டும் என்று விஸ்லர் கேட்டார். தாம் கேட்காத வேலைக்கு இவ்வளவு பெருந்தொகையா என்று லேலண்ட் மறுத்தார். இறுதியில் அவர் தந்தது 1,000 பவுண்டு.

இதில் பாதித்தொகை குறைந்தது என்பது மட்டும் செய்தியன்று. ஒரு கினி 21 ஷில்லிங். ஒரு பவுண்டு 20 ஷில்லிங். மருத்துவர், வழக்கறிஞர், ஓவியர் முதலியோருக்கான ஊதியம் கினியில் கணக்கிடப்படுவது அக்கால மரபு. கடைக்காரருக்கும் கைவினைத் தொழிலாளருக்கும் பவுண்டில் தருவர். கினியைப் பவுண்டாக்கியதன் மூலம் லேலண்ட் ‘நீ கலைஞன் அல்லன், கூலிக்குச் சுவர் பூசியவன்’ என்று சொல்லாமல் சொன்னதாக விஸ்லர் எடுத்துக்கொண்டார். ஒரு ஷில்லிங் வேறுபாடு ஒரு மனிதரின் மதிப்பைப் பற்றிய வேறுபாடாயிற்று.

லேலண்டின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. அவர் கேட்டது சிறு திருத்தம். அவர் வீட்டில், அவர் இல்லாதபோது, அவர் பொறுப்பில் கொடுத்த பொருள்களின்மேல் வேலை நடந்திருக்கிறது. வருவோருக்கெல்லாம் ஓவியர் அறையைத் திறந்து காட்டிக்கொண்டும் இருந்தார்.

ஆனால் சண்டைக்குப் பின்னும் விஸ்லர் வேலையை நிறுத்தவில்லை. இதற்குப் பிறகுதான் அவர் விலைமதிப்புள்ள அந்தப் பழந்தோல் முழுவதையும் பிரஷ்ய நீலத்தால் மூடினார். பெர்லின் நகரில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட, இரும்புச் சேர்மத்தால் ஆன ஆழ்ந்த நீலம் அது. ஆகவே மயில் அறையின் புகழுக்குக் காரணமான அந்தச் சுவர் நிறம், அழகுணர்ச்சியின் விளைவு மட்டுமன்று. ஒரு பிணக்கின் நிறமும் ஆகும்.

இளவரசி ஓவியத்துக்கு எதிர்ச்சுவரில் சண்டையிடும் இரண்டு மயில்களை அவர் பொன்னில் வரைந்தார். ‘கலையும் பணமும், அல்லது இந்த அறையின் கதை’ என்பது அதன் பெயர். தோகை சிலிர்த்து நிற்கும் செல்வ மயிலின் காலடியில் வெள்ளி நாணயங்கள் சிதறிக் கிடக்கின்றன. அதன் கழுத்தில் உள்ள வெள்ளிச் சிறகுகள் லேலண்ட் அணியும் மடிப்புச் சட்டையை நினைவூட்டுகின்றன. எதிரே நிற்கும் ஏழை மயிலின் தலையில் ஒற்றை வெள்ளிக் கொண்டை. விஸ்லரின் நெற்றிக்கு மேலிருந்த வெண்முடிக் கற்றை அதுவே. இடம் பார்த்து வரையப்பட்ட கேலி இது: மேசையில் அமர்ந்து உண்பவர் ஒவ்வொரு விருந்திலும் அதைப் பார்க்க வேண்டும். 1877 பிப்ரவரியில் பத்திரிகையாளர்களை அழைத்து அறையைக் காட்டிய விஸ்லர், மார்ச்சு மாதத்தில் பணியை முடித்து வெளியேறினார். லேலண்ட் அவரைத் தம் வீட்டு வாசலில் மீண்டும் அனுமதிக்கவில்லை.

விளக்கேற்றிய பின் முழுமையாகும் அறை

மயில் அறையின் நிறத்தைத் தனியே பார்த்தால் அது பாதி உண்மைதான். பகலில் சன்னல் கதவுகள் மடிந்து ஓரமாக நிற்கும். அப்போது அவற்றின் உட்புறத்தில் உள்ள நான்கு பெரிய மயில்களை முழுமையாகக் காண முடியாது. மாலையில் கதவுகளை மூடி வாயு விளக்குகளை ஏற்றும்போதுதான் மயில்கள் தோகையுடன் வெளிப்படும். அதாவது விருந்து நேரத்தில்தான் அறை முழுமையடைகிறது.

அக்கால வாயு விளக்கின் சுடர் மஞ்சளானது. வெண்ணொளி தரும் வாயு வலை விளக்குகள் 1880களில்தான் உருவாயின. மஞ்சள் ஒளியில் நீலம் தன் துலக்கத்தை இழந்து பசுமை கலந்து இருளும். பொன்னோ அதே ஒளியில் மேலும் ஒளிரும். இதனால் இரவில் சுவர்கள் பின்வாங்கி, பொன் அடுக்குகளும் வெள்ளைப் பீங்கான்களும் முன்னே வரும். பொன் ரேக்கு ஒட்டிய கூரை விளக்கொளியை வாங்கிக் கீழே திருப்பியனுப்பும். அடர்ந்த நிறம் பூசினால் அறை இருண்டுவிடும் என்பது பொதுவான அச்சம். ஒளியைத் திருப்பும் பரப்பு ஒன்று இருந்தால் அடர்நிறம் இருளாகத் தோன்றாது என்பதற்கு இந்த அறை நல்ல சான்று.

வாயு விளக்குக்குக் குறைகளும் இருந்தன. அது வெப்பத்தையும் புகைக்கரியையும் வெளிவிட்டது. தோலுக்கும் ரேக்குக்கும் இரண்டும் கேடு. இதற்கான மாற்று வெகு தொலைவில் இல்லை. லேலண்டின் வீட்டை மாற்றியமைத்த அதே நார்மன் ஷா, நார்தம்பர்லாந்தில் தொழிலதிபர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங்குக்காகக் கிராக்சைடு என்னும் மாளிகையையும் விரிவாக்கினார். அங்கே நீர்விசையால் பெற்ற மின்சாரத்தில் 1878இல் வில் விளக்கும், 1880இல் ஜோசப் ஸ்வானின் மின்குமிழ்களும் எரிந்தன. மயில் அறை முடிந்து மூன்றே ஆண்டுகளில், அது எந்த ஒளிக்காக வரையப்பட்டதோ அந்த ஒளி பழமையாகத் தொடங்கிவிட்டது.

மூவரின் பிற்கால வாழ்வு

ஜெக்கில் நலம் பெறவேயில்லை. 1881இல் நார்விச் நகரின் மனநல மருத்துவமனையில் காலமானார். மாற்றப்பட்ட அறையைக் கண்டுதான் அவருக்குப் பித்துப் பிடித்தது என்றொரு கதை பின்னாளில் பரவியது. அவர் நோயுற்றதால்தான் வேலை விஸ்லரிடம் சென்றது என்பதால், அக்கதை காலவரிசைக்குப் பொருந்தாது. எனினும் அடுக்குகளும் கூரையும் விளக்கமைப்பும் அவருடையவை. பெயர் மட்டும் விஸ்லருக்குச் சென்றது.

விஸ்லருக்கும் அடுத்த ஆண்டுகள் கடினமாகவே அமைந்தன. தம் ஓவியத்தை இழித்து எழுதிய திறனாய்வாளர் ஜான் ரஸ்கின்மீது அவர் தொடுத்த வழக்கு 1878இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் கிடைத்த இழப்பீடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவு சேர்ந்து 1879இல் அவர் நொடித்துப்போனார். கடன் தந்தவர்களின் வரிசையில் லேலண்டும் இருந்தார். இழந்த தம் வீட்டின்மேல் மயில் உருவில் ஒரு மனிதர் அமர்ந்து பியானோ வாசிப்பதாக விஸ்லர் வரைந்த கேலி ஓவியம் இன்று சான் பிரான்சிஸ்கோவில் உள்ளது.

லேலண்டோ அறையை அழிக்கவில்லை. நீலத்தைச் சுரண்டவோ, கேலி மயில்களை மூடவோ செய்யாமல், 1892இல் இறக்கும்வரை அதனுள்ளேயே விருந்தளித்தார். சண்டையில் அவர் பேசிய சொற்களைவிட இந்த ஒன்று அவரைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறது எனலாம்.

அறையின் பயணம்

லேலண்டின் மறைவுக்குப் பின் பீங்கான்களும் ஓவியங்களும் விற்கப்பட்டன, வீடும் கைமாறியது. 1904இல் அறை பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இரயில் பெட்டித் தொழிலில் செல்வம் ஈட்டிய அமெரிக்கர் சார்லஸ் லாங் ஃபிரீர் அதை வாங்கினார். இளவரசி ஓவியம் அதற்கு முன்பே அவரிடம் வந்திருந்தது. டெட்ராய்ட் நகரில் தம் வீட்டோடு இணைத்து அறையை மீண்டும் நிறுவிய ஃபிரீர், அதை உண்ணும் இடமாகப் பயன்படுத்தவில்லை. சிரியா, ஈரான், சீனா, கொரியா, ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து தாம் சேர்த்த மண்கலங்களை அடுக்குகளில் வைத்தார். நீலவெண்மைப் பீங்கானுக்காகக் கட்டிய கட்டங்களில் பச்சையும் பழுப்பும் மணல்நிறமும் வந்து அமர்ந்தன.

1919இல் ஃபிரீர் மறைந்தார். அவர் தொகுப்பைக் கொண்டு வாஷிங்டனில் 1923இல் திறக்கப்பட்ட கலைக்கூடத்தில் அறை மூன்றாம் முறையாக நிறுவப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல அழுக்கும் பிற்காலப் பூச்சுகளும் படிந்து நிறம் மங்கியது. 1980களின் இறுதியில் தொடங்கிய தூய்மைப் பணி அவற்றை நீக்கிப் பழைய நிறத்தை மீட்டது.

நிறைவாக

மயில் அறையில் இன்று மேசை இல்லை, விருந்தினர் இல்லை, அந்த மஞ்சள் வாயுச் சுடரும் இல்லை. லேலண்டின் பீங்கான்களும் போய்விட்டன. நிலைத்திருப்பவை நிறமும் விளக்குகள் தொங்கிய கூரையும் இரண்டு மயில்களின் சண்டையும்தான். அறையை அலங்கரிப்போர் நிறத்தையும் விளக்கையும் தனித்தனியே தேர்ந்தெடுப்பது இன்றும் பரவலாகக் காணப்படும் பழக்கம். எந்த நேரத்தில், எந்த ஒளியில் அந்த அறை பயன்படுமோ, அந்த நேரத்தில் அந்த ஒளியில் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பதை இந்த அறை கற்பிக்கிறது.

அது கற்பிக்கும் மற்றொரு பாடம் எளியது. வேலை தொடங்குமுன் என்ன செய்வது, எவ்வளவு தருவது என்று பேசி முடிக்காத இருவரின் கதை, 1877 முதல் அந்தச் சுவரில் பொன்னாலும் வெள்ளியாலும் எழுதப்பட்டிருக்கிறது.